ஐடி எண்ணுக்குப் பதில் பெயர் வரணும்: டேட்டாபேஸ் டேபிளை எக்செல்லுக்கு எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பில்லிங், சரக்கு இருப்பு, உறுப்பினர் பட்டியல் என எந்த மென்பொருளிலிருந்து எக்செல்லுக்கு எடுத்தாலும் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணம், ஒரு மொத்த வியாபாரக் கடையின் டேட்டாபேஸ். ‘பில்’ டேபிளில் பில் எண், தேதி, தொகையோடு வாடிக்கையாளர்_ஐடி, போட்டவர்_ஐடி, சரிபார்த்தவர்_ஐடி இருக்கின்றன. ‘வாடிக்கையாளர்’ டேபிளில் பெயர், ஃபோன், மாவட்ட_ஐடி. ‘ஊழியர்’, ‘மாவட்டம்’ இரண்டும் தனி டேபிள்கள். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறோம். கணினியில் தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

1. எக்செல்ல எடுத்தா பெயர் இருக்கவேண்டிய இடத்துல 17, 42-னு நம்பரா வருது. டேட்டா கெட்டுப்போச்சா?

கெடவில்லை. பில் டேபிளில் இருப்பதே அந்த நம்பர்தான். ‘17’ என்றால் வாடிக்கையாளர் டேபிளில் 17ஆம் ஐடி உள்ளவர் என்று பொருள். இப்படி வேறொரு டேபிளைச் சுட்டும் ஃபீல்டைத்தான் ஃபாரின் கீ என்கிறோம். ஒரு டேபிளை மட்டும் எக்ஸ்போர்ட் செய்தால் சுட்டும் எண் வரும்; சுட்டப்படும் பெயர் வராது.

2. அதுக்கு பெயரையே பில் டேபிள்ல போட்டுட்டா வேலை முடிஞ்சுதே?

ஒரு வாடிக்கையாளருக்கு 300 பில் இருந்தால் அவர் பெயர் 300 இடத்தில் இருக்கும். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்த 300 இடத்தில் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அவர் இரண்டு ஆளாகிவிடுவார். அதனால்தான் பெயர் ஒரே இடத்தில், மற்ற இடமெல்லாம் ஐடி. இதற்கு நியாயமான விலக்கு ஒன்று உண்டு, அது 13ஆம் கேள்வியில் வருகிறது.

3. சரி, பெயரோட எடுக்கணும்னா என்ன பண்ணணும்?

டேபிளை அப்படியே எக்ஸ்போர்ட் செய்யாமல், ஒரு க்வெரி (டேட்டாபேஸிடம் வேண்டியதைக் கேட்கும் கட்டளை) எழுதி அதன் விடையை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அடிப்படை வடிவம் இது:

செலக்ட் ப.பில்_எண், ப.தேதி, வா.பெயர் ஆஸ் வாடிக்கையாளர், மா.பெயர் ஆஸ் மாவட்டம், ப.தொகை
ஃப்ரம் பில் ப
லெஃப்ட் ஜாயின் வாடிக்கையாளர் வா ஆன் வா.ஐடி = ப.வாடிக்கையாளர்_ஐடி
லெஃப்ட் ஜாயின் மாவட்டம் மா ஆன் மா.ஐடி = வா.மாவட்ட_ஐடி

ப, வா, மா மூன்றும் அந்தந்த டேபிளின் சுருக்கப்பெயர்; ‘ஜாயின்’ இன்னொரு டேபிளை இணைக்கும் கட்டளை. மாவட்டம் பில்லில் நேரடியாக இல்லை என்பதைக் கவனியுங்கள். பில்லிலிருந்து வாடிக்கையாளர், அங்கிருந்து மாவட்டம் என இரண்டு தாவல். எத்தனை தாவலோ அத்தனை ஜாயின். ‘ஆஸ்’ என்று பெயர் வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் எக்செல்லில் ‘பெயர்’, ‘பெயர்’ என்று ஒரே தலைப்பில் இரண்டு நெடுவரிசை வந்து நிற்கும்.

4. ஸ்கிரீன்ல பெயர் நல்லாத் தெரியுது. எக்ஸ்போர்ட் பண்ணா மட்டும் நம்பர். ஏன்?

ஸ்கிரீனில் தெரிவது அலங்காரம், அடியில் இருப்பது நம்பர். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் லுக்அப் ஃபீல்டு இப்படித்தான் நடந்துகொள்ளும். அங்கே எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘ஃபார்மேட்டிங், லேஅவுட்டோடு எக்ஸ்போர்ட் செய்’ என்ற தேர்வை டிக் செய்தால் கண்ணில் தெரியும் பெயரே போகும். டிக் செய்யாவிட்டால் ஐடி.

பிஹெச்பிமைஅட்மினில் (மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை பிரவுசரில் கையாளும் கருவி) ரிலேஷன் வியூவுக்குப் போய் எந்த ஃபீல்டைக் காட்டவேண்டும் என்று சொல்லிவைக்கலாம். அது பார்ப்பதற்கு உதவும். டேபிளின் எக்ஸ்போர்ட் பக்கத்துக்கு உதவாது. அங்கே 3ஆம் கேள்வியின் க்வெரியை ஓட்டி, விடைக்குக் கீழே இருக்கும் எக்ஸ்போர்ட் இணைப்பை அழுத்த வேண்டும். பைத்தானில் இணையதளம் எழுத உதவும் ஜாங்கோவில் இம்போர்ட்-எக்ஸ்போர்ட் பேக்கேஜ் பயன்படுத்துவோருக்கும் இதே கதை: தானாக வருவது ஐடிதான். பெயர் வேண்டுமென்றால் ஃபாரின் கீ விட்ஜெட்டில் எந்த ஃபீல்டு என்று சொல்லவேண்டும். கூடவே செலக்ட்-ரிலேட்டட் போடுங்கள். போடாவிட்டால் வரிசைக்கு ஒரு க்வெரி வீதம் ஓடி, 20,000 வரிசைக்கு சர்வர் மூச்சுத் திணறும்.

5. எனக்கு க்வெரி எல்லாம் எழுத வராது. எக்செல்லிலேயே விலுக்அப் போட்டு எடுக்க முடியாதா?

முடியும். பில்லை ஒரு ஷீட்டிலும் வாடிக்கையாளரை இன்னொரு ஷீட்டிலும் வையுங்கள். இரண்டாவதில் ஐடி இடப்பக்க முதல் நெடுவரிசையாக இருக்கவேண்டும், ஏனென்றால் விலுக்அப் வலப்பக்கம் மட்டுமே தேடி எடுக்கும். கடைசி மதிப்பாக ‘ஃபால்ஸ்’ கட்டாயம். அதை விட்டால் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொண்டு, தவறான பெயரைச் சத்தமில்லாமல் நிரப்பிவிடும். பிழை என்று காட்டினாலாவது தெரியும், இது தெரியவே தெரியாது. எக்செல் 2021, 365 வைத்திருப்பவர்கள் எக்ஸ்லுக்அப் போடலாம். அது சரியான பொருத்தத்தை மட்டுமே தானாகத் தேடும், இடம் வலம் பார்க்காது.

எல்லா வரிசையிலும் ‘கிடைக்கவில்லை’ பிழை வந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது, ஒரு ஷீட்டில் 17 எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருப்பதை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எண் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டியிருக்கும், எழுத்து இடப்பக்கம். ஃபைலை வேறு யாருக்கும் அனுப்பும் முன் ‘பேஸ்ட் ஸ்பெஷல், வேல்யூஸ்’ செய்துவிடுங்கள். மாஸ்டர் ஷீட்டை, அதாவது ஐடிக்குப் பெயர் தரும் ஷீட்டை, அழித்தபின் ஃபார்முலா நிற்காது.

6. டேபிள்ல 4,812 பில் இருக்கு. எக்செல்ல 4,655 தான் வந்திருக்கு. மீதி 157 எங்க போச்சு?

க்வெரியில் வெறும் ‘ஜாயின்’ போட்டிருப்பீர்கள். அது இன்னர் ஜாயின். இரண்டு பக்கமும் பொருத்தம் உள்ள வரிசையை மட்டுமே விடும். ரொக்கத்துக்கு வாங்கிப்போன பெயர் தெரியாத ஆளின் பில்லில் வாடிக்கையாளர்_ஐடி காலியாக, அதாவது ‘நல்’ ஆக இருக்கும். அந்த பில்கள் மொத்தமும் விழுந்துவிட்டன. லெஃப்ட் ஜாயின் போட்டால் பில் நிற்கும், பெயர்க் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். காலியாக விடப் பிடிக்காவிட்டால் கோயலெஸ் போட்டு ‘ரொக்க வாடிக்கையாளர்’ என்று நிரப்பலாம்.

லெஃப்ட் ஜாயின் போட்டும் குறைகிறது என்றால் ‘வேர்’ பகுதியைப் பாருங்கள். ‘வேர் வா.நிலை = 1’ என்று வலப்பக்க டேபிளின் மேல் நிபந்தனை வைத்தால், காலியான வரிசைகள் அந்த நிபந்தனையில் தோற்று வெளியேறும்; லெஃப்ட் ஜாயின் போட்டதே வீண். அந்த நிபந்தனையை ‘ஆன்’ பகுதிக்குள் நகர்த்துங்கள்.

மூன்றாவது காரணம் அநாதை ஐடி: பில்லில் 88 என்று இருக்கிறது, மாஸ்டரில் 88ஐ யாரோ அழித்துவிட்டார்கள். ஃபாரின் கீ கட்டுப்பாடு ஒழுங்காக இருந்தால் அழிக்கவே விடாது. ஆனால் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் அந்தக் கட்டுப்பாடு, ஒவ்வொரு இணைப்பிலும் ப்ராக்மா கட்டளை கொடுத்து இயக்கினால் ஒழிய வேலை செய்யாது. மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐசாம் டேபிள்களில் கட்டுப்பாடே கிடையாது. பில்லில் ஐடி இருந்து, லெஃப்ட் ஜாயினுக்குப் பின் வா.ஐடி மட்டும் ‘நல்’ ஆக வரும் வரிசைகளைப் பிரித்தெடுத்தால் அநாதைகள் பட்டியல் கைக்கு வந்துவிடும்.

7. எனக்குத் தலைகீழ். வரிசை கூடிப்போச்சு, மொத்தத் தொகையும் எகிறிடுச்சு.

ஒரு பில்லுக்குப் பல உருப்படி உள்ள டேபிளையும் சேர்த்து ஜாயின் செய்திருக்கிறீர்கள். ₹1,200 பில்லில் மூன்று பொருள் இருந்தால் அந்த பில் மூன்று வரிசையாக விரியும், ஒவ்வொன்றிலும் 1,200 நிற்கும், கூட்டினால் 3,600. அதே பில்லுக்கு இரண்டு தவணையில் பணம் வந்து, அந்த டேபிளையும் இழுத்தால் மூன்றை இரண்டால் பெருக்கி ஆறு வரிசை. வரிசை குறைவதைவிட இது ஆபத்து, ஏனென்றால் ஷீட் நிறைவாகவே தெரியும்.

பொருள்களின் பெயர் ஒரே கட்டத்தில் கமா போட்டு வந்தால் போதும் என்றால், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட்டில் குரூப்_கான்கேட். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர் (2017 முதல்) ஆகிய டேட்டாபேஸ்களில் ஸ்ட்ரிங்_அக். மைஎஸ்கியூஎல்லில் இதற்கு இயல்பான எல்லை 1,024 பைட். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும் என்பதால் சுமார் 340 குறியிலேயே பட்டியல் பாதியில் அறுந்துவிடும், அதுவும் வெறும் எச்சரிக்கையோடு. குரூப்_கான்கேட்_மேக்ஸ்_லென் மதிப்பை முன்கூட்டியே உயர்த்திக்கொள்ளுங்கள்.

பொருள்வாரியாகக் கணக்குப் பார்க்கவேண்டும் என்றால் ஒரே ஷீட்டில் திணிக்காதீர்கள். பில் ஒரு ஷீட், உருப்படி ஒரு ஷீட், இரண்டிலும் பில் எண். எதுவானாலும் எக்ஸ்போர்ட்டுக்கு முன் ஒரு பழக்கம் வேண்டும்: பில் டேபிளில் மட்டும் எண்ணிக்கையும் தொகையின் கூட்டலும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஜாயினுக்குப் பின் அதே இரண்டையும் எடுத்து ஒப்பிடுங்கள். அரை நிமிட வேலை.

8. பில் போட்டவரும் சரிபார்த்தவரும் ஒரே ஊழியர் டேபிள்லதான் இருக்காங்க. ரெண்டு பேரையும் எப்படி எடுக்கறது?

ஊழியர் டேபிளை இரண்டு முறை ஜாயின் செய்யுங்கள், இரண்டு வேறு சுருக்கப்பெயரில்: ஒன்று ‘போ’, மற்றது ‘ச’. போ.ஐடி = ப.போட்டவர்_ஐடி, ச.ஐடி = ப.சரிபார்த்தவர்_ஐடி. ஒரே ஜாயினில் இரண்டு நிபந்தனையையும் ‘அண்ட்’ போட்டு எழுதினால், தானே போட்டு தானே சரிபார்த்தவரின் பில்லுக்கு மட்டும்தான் பெயர் வரும்.

9. பெயர் வந்துடுச்சே, இனி ஐடி நெடுவரிசையைத் தூக்கிடலாமா?

தூக்காதீர்கள். பெயர் படிக்க, ஐடி பொருத்த. ‘முருகன் ஸ்டோர்ஸ்’ ஊருக்கு ஒன்று இருக்கும். நல்லூர், புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர் என்று எண்ணி மாளாது. பெயரை வைத்துப் பிவட் (எக்செல்லின் தொகுப்பு அட்டவணை) போட்டால் இரண்டு கடையின் கணக்கும் ஒன்றாகக் கலந்துவிடும். பார்ப்பவருக்கு உறுத்தினால் ஐடிகளைக் கடைசி நெடுவரிசைகளுக்குத் தள்ளி மறைத்துவையுங்கள்.

10. பெயர் தமிழ்ல இருக்கு. எக்செல்ல திறந்தா கிறுக்கல் கிறுக்கலா வருது.

கிறுக்கல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது. மேலே கோடு, குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தால் டேட்டா பத்திரம். சிஎஸ்வி ஃபைல் (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்கிறது, டபுள் கிளிக் செய்ததும் எக்செல் அதைப் பழைய விண்டோஸ் குறியாக்கமாக எண்ணி, மூன்று பைட் தமிழ்க் குறியை மூன்று தனி எழுத்தாகக் காட்டுகிறது. டபுள் கிளிக்குக்குப் பதில் டேட்டா மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகத் திறந்து, ஃபைல் ஒரிஜின் 65001 என்று தேர்ந்தெடுங்கள். அல்லது ஃபைலை நோட்பேடில் திறந்து ‘யூடிஎஃப்-8 வித் பாம்’ என்று சேமியுங்கள்; ஃபைலின் தலையில் மூன்று பைட் அடையாளம் சேரும், பிறகு டபுள் கிளிக்கே போதும். பைத்தானில் எழுதுபவர்கள் குறியாக்கத்தை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் அதுவே நடக்கும். லிப்ரேஆஃபிஸ் கால்க், திறக்கும்போதே குறியாக்கம் எது என்று கேட்டுவிடும், அந்த நல்ல குணம் அதற்கு உண்டு.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் எக்செல்லைத் திட்டிப் பயனில்லை. எடுக்கும் இணைப்பின் குறியாக்கம் தமிழைத் தாங்காததாக இருந்து, எழுத்து வழியிலேயே தொலைந்துவிட்டது. மைஎஸ்கியூஎல்லில் இணைப்பை யூடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றி மறுபடி எடுங்கள். டேபிளிலேயே கேள்விக்குறி இருந்தால் உள்ளே போகும்போதே போய்விட்டது. பழைய பேக்கப்பில் தேடுவதுதான் வழி.

11. எண்ணெல்லாம் மாறிடுது. முன்னாடி இருக்கற சைபர் காணோம், ஆதார் நம்பர் ஏதோ இ+11-னு வருது, கதவு எண் 12/5 மே மாசமாயிடுச்சு.

மூன்றுக்கும் வேர் ஒன்று: சிஎஸ்வியில் இது எழுத்து, இது எண் என்ற குறிப்பு கிடையாது, எக்செல் தானே ஊகிக்கிறது. 12 இலக்க ஆதார் எண்ணை அது சுருக்கிக் காட்டுகிறதே தவிர, உள்ளே எண் முழுதாக இருக்கும். ஆனால் அந்த நிலையில் மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கிய வடிவமே ஃபைலில் பதிந்து, எண் போயே போய்விடும். வங்கிக் கணக்கு எண் 16 இலக்கமோ அதற்கு மேலோ என்றால் திறந்த கணமே நஷ்டம்: எக்செல் 15 இலக்கம்தான் காக்கும், மீதி சைபர். பழைய எண், புது எண் என்று சாய்கோடு போட்ட கதவு எண்கள் தேதியாவதும் மீளாது.

மேலே சொன்ன ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியிலேயே, ஏற்றும் முன் ‘ட்ரான்ஸ்ஃபார்ம் டேட்டா’ போய் அந்த நெடுவரிசைகளை டெக்ஸ்ட் வகையாக்குங்கள். நிரல் எழுதுபவர் என்றால் சிஎஸ்வியைத் தவிர்த்து நேரடியாக எக்ஸ்எல்எஸ்எக்ஸ் எழுதி, கட்டத்தின் வகையை எழுத்து என்றே குறித்துவிடுங்கள். தேதிகளை 2024-04-03 போல ஆண்டு முதலில் வருமாறு எடுங்கள். 03-04-2024 என்பது ஏப்ரலா மார்ச்சா என்பதைத் திறப்பவரின் கணினி அமைப்பு தீர்மானிக்கும்.

ஒரு பாதுகாப்பு விஷயமும் இங்கேயே. சமக்குறி, கூட்டல், கழித்தல், ‘அட்’ குறி ஆகியவற்றில் தொடங்கும் கட்டத்தை எக்செல் ஃபார்முலாவாக எடுத்துக்கொள்ளும். பெயர் என்ற இடத்தில் யாரோ வேண்டுமென்றே ஃபார்முலா ஒன்றை எழுதிவைத்திருந்தால் அது உங்கள் கணினியில் ஓடும். வெளியாட்கள் நிரப்பும் ஃபீல்டுகளை டெக்ஸ்டாகவே ஏற்றுவது இதற்கும் சேர்த்துத்தான்.

12. எத்தனை வரிசை வரைக்கும் எக்செல் தாங்கும்?

எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஷீட் ஒன்றுக்கு 10,48,576 வரிசை, 16,384 நெடுவரிசை; ஒரு கட்டத்துக்கு 32,767 எழுத்து. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் 65,536 வரிசையோடு சரி. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டதற்கு அந்தப் பழைய வடிவத்தின் எல்லையே காரணம் என்று செய்தியானது. கூகுள் ஷீட்ஸில் எல்லை கட்டக் கணக்கில்: மொத்தம் 1 கோடி. 50 நெடுவரிசை என்றால் 2 லட்சம் வரிசையிலேயே தீர்ந்துவிடும், அதனால் தேவையில்லாத ஃபீல்டை க்வெரியிலேயே விடுங்கள். பெரிய டேபிளை ஆண்டுவாரியாகப் பிரித்து எடுப்பது எல்லாவற்றிலும் எளிது.

13. 2018 பில்லுல மாவட்டம் தென்காசின்னு வருது. அப்போ அந்த மாவட்டமே இல்லையே?

சரியான கேள்வி. தென்காசி 2019இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. பிரிந்த பின் வாடிக்கையாளரின் மாவட்ட_ஐடியை யாரோ புதிதாக மாற்றியிருக்கிறார்கள், முறைப்படி அது சரியும்கூட. ஆனால் ஜாயின் எப்போதும் மாஸ்டரின் இன்றைய நிலையைத்தான் தரும்; பில் போட்ட நாளின் நிலையைத் தராது. செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி, அடுத்த ஆண்டு பிரிந்த மயிலாடுதுறை எல்லாவற்றிலும் இதே சிக்கல் வரும். முகவரி மாறிய வாடிக்கையாளர், பெயர் மாறிய பொருள் ஆகியோருக்கும் இதுவே.

எது வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது. ‘இன்று தென்காசியில் யாருக்கெல்லாம் சரக்கு போகிறது’ என்றால் இன்றைய பெயர் சரி. கணக்குத் தணிக்கைக்கு என்றால் அன்று அச்சான பில்லில் இருந்ததுதான் வரவேண்டும். அதற்கு பில் போடும்போதே பெயர், முகவரி, மாவட்டம் ஆகியவற்றை பில் டேபிளில் நகலெடுத்து வைத்திருக்கவேண்டும். 2ஆம் கேள்வியில் சொன்ன விலக்கு இதுதான். இன்னொரு வழி, வாடிக்கையாளர்-மாவட்டத் தொடர்பைத் தனி டேபிளில் ‘முதல் தேதி’, ‘முடிவுத் தேதி’யோடு வைத்து, பில் தேதி அந்த இடைவெளிக்குள் விழுமாறு ஜாயின் செய்வது. இரண்டு வழியும் முன்கூட்டியே செய்திருந்தால்தான் உண்டு. அழித்தெழுதிவிட்ட பழைய மாவட்டத்தை எந்தக் க்வெரியும் மீட்காது.

14. ஸ்டேட்டஸ் ஃபீல்டுல 0, 1, 2-னு இருக்கு. அதுக்கு மாஸ்டர் டேபிளே இல்லையே?

அர்த்தம் நிரலுக்குள் ஒளிந்திருக்கிறது. எழுதியவரிடம் கேட்டு, க்வெரியில் ‘கேஸ் வென்’ போட்டு ‘நிலுவை’, ‘செலுத்தியது’, ‘ரத்து’ என்று மாற்றுங்கள். ‘எல்ஸ்’ பகுதியில் அந்த எண்ணையே வரவிடுங்கள். நாளை யாராவது 3 என்று புதிதாகச் சேர்த்தால் கண்ணில் படும்.

15. க்வெரி ‘வெற்றி’ன்னு சொல்லுது, ஃபைலைத்தான் எங்கேயும் காணோம்.

மைஎஸ்கியூஎல்லின் ‘இன்டு அவுட்ஃபைல்’ உங்கள் கணினியில் எழுதாது, சர்வரில் எழுதும்; அதுவும் செக்யூர்_ஃபைல்_ப்ரிவ் அனுமதித்த ஃபோல்டரில் மட்டும். போஸ்ட்கிரெஸ்ஸின் ‘காப்பி’யும் ஃபைல் பெயர் கொடுத்தால் அப்படியே. போஸ்ட்கிரெஸ்ஸின் கட்டளைத் திரையான பிஎஸ்கியூஎல்லில் முன்னால் பின்சாய்கோடு போட்டு ‘காப்பி’ கொடுத்தால் உங்கள் கணினியிலேயே விழும், ஆனால் முழுக் கட்டளையும் ஒரே வரியில் இருக்கவேண்டும். இன்டு அவுட்ஃபைல் ‘நல்’ மதிப்பைப் பின்சாய்கோடும் ஒரு எழுத்துமாக எழுதிவைக்கும், தலைப்பு வரிசையும் தராது. இதையெல்லாம் பார்த்தால், டிபீவர் போன்ற கருவியில் க்வெரியை ஓட்டி அங்கிருந்தே எக்ஸ்போர்ட் செய்வது நிம்மதி.

16. எக்செல்லில் திருத்திட்டு திரும்ப உள்ளே ஏத்த முடியுமா?

ஐடி நெடுவரிசையை விட்டுவைத்திருந்தால் முடியும் (9ஆம் கேள்வி). பெயரை மட்டும் வைத்து ஐடியைத் தேடுவதென்றால் பள்ளங்கள் நிறைய. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தால் பொருந்தாது, ‘ட்ரிம்’ போடவேண்டும். தமிழில் இன்னொன்று கூடுதல். ‘கொ’வின் துணைக்குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் அடிக்கலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது சரியாகும். ‘கௌரி’யை ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ வைத்து ‘கெளரி’ என்று அடித்திருந்தால் அது இந்த மாற்றத்தால் சரியாகாது, ஏனென்றால் அது நிஜமாகவே வேறு எழுத்து, கையால்தான் திருத்தவேண்டும்.

பெயரைத் தட்டச்சு செய்யவிடாமல், டேட்டா வேலிடேஷனில் மாஸ்டர் பட்டியலைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்க வையுங்கள். ஏற்றும்போது நேராக பில் டேபிளில் கொட்டாமல் தற்காலிக டேபிள் ஒன்றில் ஏற்றி, ஐடி கிடைக்காத வரிசைகளை முதலில் பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியல் காலியான பிறகே அசல் டேபிளைத் தொடுங்கள்.

17. இதையே மாசாமாசம் செய்யணும். ஒவ்வொரு தடவையும் க்வெரியைத் தேடி ஒட்டணுமா?

வேண்டாம். ‘க்ரியேட் வியூ’ போட்டு அந்தக் க்வெரியை ‘பில்_எக்ஸ்போர்ட்’ என்று ஒரு வியூவாகச் சேமித்துவிடுங்கள். அதன்பின் பார்ப்பதற்கு அது டேபிள் போலவே இருக்கும். எந்தக் கருவியின் எக்ஸ்போர்ட் பொத்தானும் அதில் பெயரோடு வேலை செய்யும். எக்செல்லின் ‘கெட் டேட்டா’வில் ஓடிபிசி (டேட்டாபேஸோடு நேரடியாக இணைக்கும் வழி) வழியாக அந்த வியூவை இணைத்துவிட்டால் மாதம் ஒருமுறை ‘ரிஃப்ரெஷ்’ அழுத்தினால் போதும், 10, 11ஆம் கேள்விகளின் சிஎஸ்வித் தொல்லையும் ஒழியும்.

எக்ஸ்போர்ட் எடுப்பவருக்கு அந்த வியூவை மட்டும் படிக்கும் அனுமதியோடு தனிக் கணக்கு கொடுங்கள். ஃபோன், ஆதார் போன்றவற்றை வியூவிலேயே சேர்க்காதீர்கள். எக்செல் ஃபைல் வாட்ஸ்ஆப்பில் எங்கெல்லாம் போகும் என்று யாராலும் பின்தொடர முடியாது. வியூவுக்குள் ‘செலக்ட் நட்சத்திரம்’ (எல்லா ஃபீல்டும் என்று பொருள்) எழுதாமல் ஃபீல்டு பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். நட்சத்திரம் போட்டாலும், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டிலும் வியூ உருவான அன்றைய ஃபீல்டுகளோடு நின்றுவிடும், பின்னால் சேர்த்தது அதில் வராது. சேர்க்கும்போது வியூவையும் மாற்றவேண்டும்.